பைபர் வள்ளத்துக்கு மழைத் தண்ணீரும் பகைதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

கட்டுமரம் போய் பைபர் வள்ளம் வந்த கதையை உங்கள் இதழில் படித்தேன். துருப்பிடிக்காது, செல்லரிக்காது என்று எழுதியிருந்தது சரி. அதற்காக அழிவே கிடையாது என்று முடித்திருக்க வேண்டாம். குளச்சல் பக்கம் வள்ளம் பழுதுபார்க்கிறவன் நான். பைபர் அழிவதைப் பார்த்துத்தான் எனக்குப் பிழைப்பே.

கண்ணாடி இழையும், அதை இறுக்கிப் பிடிக்கும் பிசினான ரெசினும் சேர்ந்ததுதான் பைபர். வெயில் முதலில் மேல்பூச்சான ஜெல்கோட்டைத் தின்னும். தடவினால் விரலில் வெள்ளைப் பொடி ஒட்டும். துறைமுகம் இல்லாத ஊர்களில் மணலில் இழுத்து ஏற்றியே அடிப்பாகம் தேய்ந்துவிடும். இழை வெளியே தெரிந்தால் அதன் வழியாகத் தண்ணீர் ஏறி ரெசினைச் சிதைக்கும். அதில் கரைந்து வருவது இன்னும் தண்ணீரை இழுக்க, கொப்புளம் கிளம்பும். குத்திப் பார்த்தால் வினிகர் வாடை அடிக்கும்.

பலரும் நம்பாத விஷயம், இந்தக் கொப்புளத்துக்குக் கடல் தண்ணீரைவிட மழைத் தண்ணீர் மோசம் என்பது. உப்பில்லாத தண்ணீரைத்தான் உள்ளே இருக்கும் கரைசல் வேகமாக இழுக்கும். நம் மாவட்டத்துக்கோ இரண்டு பருவமழை. கரையேற்றிய வள்ளத்தில் தண்ணீர் தேங்கிக் கிடக்க, அது வடியும் ஓட்டையின் அடைப்பானைக்கூடக் கழற்றாமல் விடுகிறவர்களை என்ன சொல்ல? எஞ்சின் மாட்டும் பின்பலகையில் திருகாணி ஓட்டை வழியே தண்ணீர் இறங்கினால் உள்ளே இருக்கும் பிளைவுட்டும் இற்றுப்போகும்.

ஆனி, ஆடியில் கடல் கொந்தளித்து வள்ளம் சும்மா கிடக்கும்போதுதான் எல்லோரும் பழுதுக்கு வருவார்கள். ஈரத்தின் மேலேயே ரெசினைப் பூசினால் தண்ணீரை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி. கொப்புளத்தைத் தேய்த்துத் திறந்து, கழுவி, வாரக்கணக்கில் உலரவிட வேண்டும். அதற்கு மாசி, பங்குனி வெயில்தான் தோது. தொழிலை விட்டு யார் அப்போது வள்ளத்தைத் தருவார்கள்?

முப்பந்தல் காற்றாலை இறக்கைகளும் இதே இனம்தான். அங்கே மழைத்துளியும் தூசியும் இறக்கையின் முன்விளிம்பை அரிக்கும். அதைக் கவனிக்கக் கம்பெனிக்காரர்கள் இருக்கிறார்கள், வள்ளத்துக்கு யார்?

விலை குறைவு என்று ஜிபி என்ற சாதாரண ரக ரெசினில் வள்ளம் கட்டித் தருகிறார்கள். தண்ணீரைக் கூடுதலாகத் தாங்குவது ஐசோ ரெசின். கட்டி முடித்த பிறகு இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. மானியத்தில் வாங்கும் வள்ளங்களுக்காவது எந்த ரெசின், எத்தனை அடுக்கு மேட் (கண்ணாடி இழை விரிப்பு) என்று பில்லில் எழுதித் தர மீன்வளத்துறை கட்டாயப்படுத்தட்டும்.

இப்படிக்கு,
வள்ளம் பழுதுபார்க்கும் ஒரு வாசகர்,
குளச்சல்