பவளத்திட்டைச் சுற்றி மிதவை வேலி வேண்டும்: குடாவின் படகுப் போக்குவரத்தை நிர்வகிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஸ்கூபா முக்குளிப்போர் இறங்கும் பவளத்திட்டுக்கு மேலே விசைப்படகுகள் வேகம் குறையாமல் பாய்வதைப் பற்றி ஏற்கெனவே மூன்று மனுக்கள் அளித்திருப்பதால், முன்கதையைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. சென்ற ஞாயிறன்று நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நானும், அன்று தமது நான்காவது முழுக்குக்கு வந்திருந்த நண்பரும் 18 மீட்டர் ஆழத்திலிருந்து மெல்ல மேலேறி, உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறும் பொருட்டு வழக்கம்போல் 5 மீட்டரில் 3 நிமிடம் நின்றுகொண்டிருந்தோம். அப்போது எஞ்சின் ஓசை கேட்டது. காற்றில் செல்வதைவிட நான்கு மடங்குக்கும் அதிகமான வேகத்தில் ஒலி நீரில் செல்வதால், அது இரு காதுகளையும் ஏறத்தாழ ஒரே கணத்தில் எட்டுகிறது. படகு எத்திசையிலிருந்து வருகிறது என்பதை நீருக்கடியில் இருப்பவரால் அறியவே முடியாது. ஓசை மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. சிலிண்டரில் எஞ்சியிருந்த காற்றின் அழுத்தம் 50 பார் மட்டுமே. மீண்டும் ஆழத்துக்குப் போகக் காற்று போதாது. மேலே போகவோ துணிவில்லை. நண்பர் என் மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டார். எங்கள் படகில், கீழே முக்குளிப்போர் இருப்பதை அறிவிக்கும் நீல வெள்ளை ஆல்ஃபா கொடி பறந்தது, தலைக்கு மேலே ஆரஞ்சு மிதவை நிமிர்ந்து நின்றது. அந்த மிதவையை அடித்துக்கொண்டுதான் விசைப்படகு போயிற்று. என் கையில் மிஞ்சியது அறுந்த கயிறு.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே: திட்டைச் சுற்றி மிதவை வேலி அமைத்து, அதற்குள் முக்குளிப்போரை ஏற்றிவரும் படகுகளைத் தவிர வேறெந்த விசைப்படகும் நுழையாதபடி தடை செய்யுங்கள்.

முறையிட்டபோது, “கடல் எல்லோருக்கும் பொது” என்று பதில் கிடைத்தது. மெய்தான், விசிறித் தகடும் மண்டையோடும் சந்திக்கும்போது அந்தப் பொதுவுடைமை சற்று ஒருதலையாக முடிகிறது, அவ்வளவே. பவளத்தைத் தொடாதீர், சங்கு பொறுக்காதீர் என்ற உங்கள் பலகைக்கு நாங்கள் மனமாரக் கீழ்ப்படிகிறோம். அந்தப் பரிவில் ஒரு துளி எங்கள் தலைக்கும் கிடைக்கலாகாதா? படகுத்துறையில் படம் எடுத்துக்கொள்வதற்கென இதய வடிவ வளைவை நிறுவ ஒரு வாரம் போதுமானதாக இருந்ததே!

சினம் சற்று எல்லை மீறியிருந்தால் பொறுத்தருள்க. பருவம் தொடங்கிப் படகுகள் பெருகுமுன் மிதவை வேலியை அமைத்துத் தருமாறும், பணி தொடங்கும் நாளை எழுத்தில் தெரிவிக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். அறுந்த கயிற்றை உங்கள் அலுவலகத்தில் ஒப்படைத்திருக்கிறேன். மூன்று மனுக்கள் உள்ள அதே கோப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
குடாவில் முக்குளிக்கும் ஒருவன்