தேநீர்த் தோட்டத்தின் கதைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் உள்ள ஜப்பானியத் தேநீர்த் தோட்டம் பற்றிய தமிழ்க் கையேடு அச்சுக்குப் போய்விட்டது. அட்டையில் இருப்பது என் பெயர் மட்டும். உள்ளே இருப்பது பலருடைய உழைப்பு என்பதால், எல்லோரும் அறிய நன்றி சொல்வது என் கடமை.

முதலில் நூலகத்தின் வரலாற்றுப் பிரிவினருக்கு. 1894ஆம் ஆண்டின் குளிர்காலக் கண்காட்சிக்காக ஜார்ஜ் டர்னர் மார்ஷ் அமைத்த ஜப்பானியக் கிராமம்தான் இத்தோட்டத்தின் தொடக்கம். கண்காட்சி முடிந்ததும் கலைந்துபோயிருக்க வேண்டியது அது. நிலைத்து நின்றதற்குக் காரணம் ஜப்பானியத் தோட்டக்கலைஞர் மக்கோட்டோ ஹகிவாரா. பூங்காவின் கண்காணிப்பாளர் ஜான் மெக்லாரனின் இசைவோடு அவர் அங்கேயே குடியிருந்து, ஏறத்தாழ ஓர் ஏக்கராக இருந்ததை ஐந்து ஏக்கராக வளர்த்தார். சொந்தப் பணத்தையும் கொட்டினார். இந்த மனிதரை என் கண்முன் நிறுத்தியவை நூலகத்தார் சலிக்காமல் எடுத்துத் தந்த பழைய படங்களும் செய்தித்தாள் நறுக்குகளும்தான்.

தோட்டத்தைச் சுற்றிக் காட்டிய தன்னார்வ வழிகாட்டிக்கு அடுத்த நன்றி. ஐந்தடுக்குப் பகோடா கோபுரம் 1915ஆம் ஆண்டின் பனாமா பசிபிக் கண்காட்சியிலிருந்து வந்தது, வெண்கலப் புத்தர் 1790இல் வார்க்கப்பட்டவர் என்று ஒவ்வொன்றின் முன்னும் நின்று விளக்கினார். ஜப்பானியக் குழந்தைகள் சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் வாங்கி 1953இல் இங்கு வந்து சேர்ந்த அமைதி விளக்கின் முன் அவர் குரல் தழுதழுத்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து எட்டே ஆண்டுகளில் தோற்ற நாட்டின் பிள்ளைகள் அனுப்பிய பரிசு அது. எனக்கும் பேச்சு வரவில்லை.

மரங்களைப் பற்றிச் சொல்லித்தந்த தோட்டக்காரருக்கு எப்படி நன்றி சொல்வது? அருவியை ஒட்டிய சரிவில் குட்டையான பழைய மரங்கள் நிற்கின்றன. பல முறை கடந்துபோயும் நான் அவற்றைக் கவனித்ததில்லை. அவற்றின் கதையை அவர்தான் சொன்னார். மக்கோட்டோ 1925இல் காலமான பிறகும் அவர் குடும்பம் தோட்டத்தை நடத்திவந்தது. 1942இல், ஜப்பானோடு போர் நடந்த காலத்தில், ஜப்பானிய வம்சாவளியினர் அனைவரையும் அமெரிக்காவின் மேற்குக் கரையோரத்திலிருந்து அகற்றித் தடுப்பு முகாம்களில் அடைத்தபோது அவர்களும் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் வாழ்ந்த வீடு இடிக்கப்பட்டது. தோட்டத்தின் பெயரிலிருந்து ‘ஜப்பானிய’ என்ற சொல்லே நீக்கப்பட்டது. அது திரும்பி வரப் பத்து ஆண்டுகள் ஆயின. அருமையாக வளர்த்த குறுமரங்கள் ஒரு மருத்துவர் தம்பதியின் கைக்குப் போயின. அந்த அம்மையார் உயில் எழுதி அவற்றைத் தோட்டத்துக்கே திருப்பித் தந்தார். மரங்கள் மீண்டன, குடும்பம் மீண்டும் அங்கே குடியேறவில்லை. இந்த அநீதியை ஒரு வரியில் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. கையேட்டில் இதற்குத் தனி அத்தியாயமே ஒதுக்கியதற்குத் தோட்டக்காரர்தான் காரணம்.

ஹகிவாரா குடும்பத்தின் நினைவாக 1974இல் வைக்கப்பட்ட வெண்கலப் பட்டயத்தை வடித்தவர் சிற்பி ரூத் அசாவா. அவரும் இளம் வயதில் அத்தகைய முகாமில் அடைபட்டவர். இதைச் சுட்டிக்காட்டி, பட்டயத்தின் படம் முன்பக்கங்களில் வர வேண்டும் என்று வாதாடிய மெய்ப்புத் திருத்துநருக்கு நன்றி. ஜப்பானியப் பெயர்களைத் தமிழில் எழுதும் முறையையும் அவரே சீர்செய்தார்.

கடைசியாக, முகாம் வாழ்வை நினைவுகூர்ந்து என்னிடம் பேசிய முதியவருக்கு. பெயர் வேண்டாம், சொன்னது அச்சில் வந்தால் போதும் என்றார். ஐயா, நீங்கள் சொன்னவை ஒரு சொல்லும் குறையாமல் வந்திருக்கின்றன. முதல் பிரதி உங்களுக்குத்தான்.

நன்றியுடன்,
கையேட்டின் ஆசிரியர்