கடற்பஞ்சும் சுந்தரி அக்காவும்

ஹட்டன்,
ஞாயிறு

அன்பு மச்சான் சேகர்,

பதில் போடாததற்குத் திட்டி முடித்துவிட்டாயா? மிச்சத்தை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம், சுந்தரி அக்காவைத் தவிர. அவருக்கு இரத்தப் புற்றுநோய். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் வார்டில் இருக்கிறார்.

ஏற்றுகிற மருந்தின் பெயர் சைட்டராபின். போத்தலில் பார்த்துவிட்டுத் தேடினேன். மச்சான், அது கடலில் பிறந்த மருந்து! கரீபியன் கடலில் கடற்பஞ்சு என்று ஒரு பிராணி. 1950களின் தொடக்கத்தில் வேர்னர் பேர்க்மன் என்பவர் அதிலிருந்து சில விசித்திரமான நியூக்கிளியோசைட்டுகளை, அதாவது டீஎன்ஏ கோக்கிற துண்டுகளைப் போன்றவற்றை, பிரித்தெடுத்தார். நம்முடைய டீஎன்ஏயில் இருப்பது டிஒக்சிரைபோஸ் வெல்லம், இவற்றிலோ அரபினோஸ் என்ற வேறு வெல்லம். அந்த வித்தியாசத்தைப் பார்த்துச் செய்த மருந்துக்கு 1969இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பெருகுகிற கலம் டீஎன்ஏயைப் படியெடுக்கும்போது இதையும் தன் துண்டு என்று நம்பிக் கோத்துக்கொள்கிறது. அதற்குமேல் சங்கிலி ஒழுங்காக நீளாது, கலம் செத்துவிடும். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில் நடேசன் அடுத்தவன் பெயருக்குக் கை தூக்கினானே, அதே வேலைதான்!

ஆனால் வேகமாகப் பெருகும் நல்ல கலங்களையும் அது விடாது. அக்காவுக்கு வாயெல்லாம் புண். ஆறிப்போன பிளேன்டீயைக் கரண்டியால் ஊட்டுகிறோம். ஒவ்வொரு மிடறுக்கும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார்.

இப்போது வேறொரு தலைவலி. டவுனில் ஒருவன் கடற்பாசித் தூள் விற்கிறான், புற்றுநோய்க்குக் கைகண்டதாம். “கடலில்தானே மருந்து இருக்கிறது, நீதானே சொன்னாய்” என்று அத்தான் என்னையே மடக்குகிறார். ஊசியை நிறுத்திவிட்டுத் தூளைக் கொடுக்கலாமா என்றும் கேட்டுவிட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

கடலிலிருந்து மருந்து எடுப்பது அவ்வளவு லேசா? கண்டல் வேர்களில் ஒட்டி வாழும் ஒரு கடற்பிராணியிலிருந்து ட்ரபெக்டெடின் என்ற புற்றுநோய் மருந்து 1 கிராம் எடுக்க ஏறக்குறைய 1 தொன் பிராணி வேண்டியிருந்ததாம். மார்பகப் புற்றுநோய்க்கு 2010இல் வந்த எரிபுலினையும் கடலிலிருந்து அப்படியே அள்ளவில்லை: ஜப்பானியக் கடற்பஞ்சில் கண்ட சேர்மத்தின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆய்வுகூடத்தில் படிப்படியாகக் கட்டினார்கள். இவன் பக்கெட்டில் அள்ளிப் போடும் தூளில் என்ன இருக்கும், சொல்லு? நான் சொன்னால் “வாத்தியார் புத்தகம் பேசுகிறது” என்கிறார் அத்தான்.

உன் பேச்சை அத்தான் தட்டமாட்டார். புதன்கிழமை சம்பளம், கையில் காசு வந்தால் தூளை வாங்கிவிடுவார். அதற்குள் ஒரு கோல் எடு. மல்லிகாவிடம் மட்டும் மூச்சுவிடாதே, அழுதே ஊரைக் கூட்டிவிடுவாள்.

இப்படிக்கு,
தவம்