சுத்தமான முறைக்கு மாறச் சேர்வது குற்றமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி வைத்துப் போட்டியைக் கெடுப்பதைத் தடுக்கும் போட்டிச் சட்டம் என்றாலே அபராதத் தொகைதான் செய்தியாகிறது. பெங்களூரு பீன்யாவில் சிறிய முலாம் பூசும் பட்டறை நடத்தும் எனக்கு, அந்தச் சட்டத்தைப் பற்றிய பயமும் ஒரு செய்தியாகவே படுகிறது.

குரோம் முலாமுக்குப் பல பட்டறைகளில் இன்னும் ஹெக்சாவேலன்ட் குரோமியம்தான். புற்றுநோய் உண்டாக்கும் பொருள். உருப்படியை அலசினால் தண்ணீர் மஞ்சளாக ஓடும். அதில் நச்சைக் குறைக்கும் மெட்டாபைசல்பைட் என்ற ரசாயனத்தைக் கலந்து, சுண்ணாம்பு போட்டு, வண்டலைப் பிரித்த பிறகுதான் வெளியே விட முடியும். நச்சு குறைந்த ட்ரைவேலன்ட் குரோமியம் முறையும் இருக்கிறது. ஆனால் கரைசல் விலை கூடுதல், பக்குவம் தவறினால் நிறமும் மாறிவிடும். தனியாக மாறுகிற பட்டறை ரேட்டைக் கூட்டினால், பார்ட்டி அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்.

சரி, நாலு பட்டறை சேர்ந்து செலவைப் பகிர்ந்து சோதனை செய்து பார்க்கலாமே என்றால், "கார்ட்டெல் என்பார்கள், நமக்கு எதற்கு வம்பு" என்கிறார்கள். கார்ட்டெல் என்றால் போட்டியாளர்கள் போட்டியைக் குறைக்கக் கூடிப் பேசி வைத்துக்கொள்வது. 2012-இல் சிமென்ட் நிறுவனங்களுக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்த இந்தியப் போட்டி ஆணையமாயிற்றே!

ஆனால் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3-வது பிரிவு, விலையைப் பேசி வைத்துக்கொள்வதோடு, தொழில்நுட்ப வளர்ச்சியைக் கூடிப் பேசிக் கட்டுப்படுத்துவதையும் தவறு என்கிறது. செயல்திறனைக் கூட்டும் கூட்டு முயற்சிகளை எடுத்த எடுப்பிலேயே தவறாகக் கருதக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது.

ஐரோப்பாவில் 2021 ஜூலையில் பிஎம்டபிள்யூவுக்கும் ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்கும் சேர்த்து சுமார் 87.5 கோடி யூரோ அபராதம் விதித்தார்கள். டீசல் புகையைச் சட்டம் கேட்பதற்கு மேல் சுத்தப்படுத்துவதில் போட்டி போடுவதில்லை என்று பேசி வைத்திருந்ததுதான் குற்றம். புகையைச் சுத்தப்படுத்தும் ஆட்புளூ திரவத்தை ஊற்றும் வாயை எல்லா கார்களிலும் ஒரே மாதிரி அமைக்கச் சேர்ந்து பேசியது தவறில்லை என்பதையும் அப்போதே தெளிவுபடுத்தினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இந்தத் தெளிவுதான்.

ரேட் விஷயத்தில் நான் சலுகை கேட்கவில்லை. எல்லோரும் ஒரே ரேட் என்று பேசி வைத்தால், புது முறைக்கு மாற யாருக்கும் அக்கறை இருக்காது. கூட்டுச் சோதனை, பொதுச் சுத்திகரிப்பு, கரைசலைச் சேர்ந்து வாங்குவது, இவற்றில் எது கூடும், எது கூடாது என்று இந்தியப் போட்டி ஆணையம் சிறுதொழில்களுக்குப் புரியும்படி கன்னடத்திலும் தமிழிலும் ஒரு வழிகாட்டி வெளியிட வேண்டும். சங்கக் கூட்டங்களுக்கு அதிகாரிகளை அனுப்பி, எங்கள் கேள்விகளுக்கு நேரில் பதில் சொல்லவும் வேண்டும்.

இப்படிக்கு,
முலாம் பட்டறை உரிமையாளர்,
பீன்யா, பெங்களூரு