கொலம்பைன் கட்டுரைக்குத் துணைநின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் டென்வர் நகருக்கு அருகே இருக்கும் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் 1999 ஏப்ரல் 20 அன்று நடந்த துப்பாக்கிச்சூட்டைப் பற்றியும், அதன்பின் அந்த ஊரையும் அந்த நாளையும் உலகம் எப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதைப் பற்றியும் நான் எழுதிய நீண்ட கட்டுரை ஒருவழியாக அச்சாகி வந்துவிட்டது. பக்கம் போதவில்லை என்று கடைசி நேரத்தில் நன்றியுரையை எடுத்துவிட நேர்ந்ததால், அங்கே சொல்லியிருக்க வேண்டியதை இங்கே மடலாக எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால் யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. எந்த வரி யாருக்கு உரியது என்பது அவரவர்க்குத் தெரியும்.

முதல் நன்றி, என்னைத் தடுத்து நிறுத்திய ஒருவருக்கு. டென்வர் பக்கம் குடிவந்த முதல் ஆண்டில், ஊரிலிருந்து வந்திருந்த உறவினர்களைக் காரில் அழைத்துச் சென்றபோது, “அந்தப் பள்ளிக்கூடம் இங்கேதானே இருக்கிறது?” என்று அவர்கள் கேட்டதும் வண்டியைத் திருப்பியவள் நான்தான். சாலையோரம் நிறுத்திக் கைப்பேசியைத் தூக்கிப் படமெடுக்கப் போனேன். சீருடை அணிந்த ஒரு பெரியவர் நடந்து வந்து, குரலை உயர்த்தாமல், “அம்மா, உள்ளே பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கிறார்கள். நினைவிடம் பக்கத்துப் பூங்காவில் இருக்கிறது, அங்கே போங்கள்” என்று சொல்லிக் கையைக் காட்டினார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த வெட்கத்திலிருந்துதான் இந்தக் கட்டுரை பிறந்தது. எத்தனையோ பேரிடம் அன்றாடம் அதே சொற்களைச் சொல்ல வேண்டியிருந்திருக்கும் அவருக்கு, அவற்றை எனக்கும் அவ்வளவு பொறுமையாகச் சொன்னதற்காக நன்றி.

பூங்காவை ஒட்டியிருக்கும் பொது நூலகத்தின் நூலகர் அம்மையாருக்கு என் கடன் மிகப் பெரியது. கொலையாளிகளான அந்தப் பள்ளி மாணவர்கள் இருவரின் நாட்குறிப்புகள் எங்கே கிடைக்கும் என்பதுதான் அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி. 2006-இல் வெளியிடப்பட்ட 900-க்கும் மேற்பட்ட பக்கங்களைப் பற்றி அவர் சொன்னார். இருவரும் தங்களைத் தாங்களே படம்பிடித்துக்கொண்ட ஒளிநாடாக்களை, அவை மற்றவர்களைத் தூண்டிவிடும் என்ற அச்சத்தால், ஷெரிஃப் அலுவலகம் 2011-இல் அழித்துவிட்டது என்றும் சொன்னார். அதற்குப் பிறகு, “அந்தப் பக்கங்களை நீங்கள் கடைசியில் படியுங்கள். முதலில் செய்தித்தாள்களைத் தேதி வரிசையில் படித்துப் பாருங்கள்” என்றார். முதல் வாரத்துத் தாள், முதல் மாதத்துத் தாள், ஓராண்டு கழித்து வந்த தாள், பத்தாண்டு கழித்து வந்த தாள் என்று அவர் அடுக்கித் தந்த முறையில் படித்தபோதுதான், மக்களுக்குத் தெரிந்தவை எவை, தெரிந்ததாக அவர்கள் நினைத்துக்கொண்டவை எவை என்று பிரித்துப் பார்க்க எனக்குப் பிடிபட்டது.

இந்த இடத்தில் என் முதல் வரைவைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். அதில் இருந்தவற்றில் பாதி பிழை. கொலையாளிகள் ‘ட்ரெஞ்ச் கோட் மாஃபியா’ என்ற கும்பலைச் சேர்ந்தவர்கள் என்றும், தங்களைச் சீண்டிய விளையாட்டு வீரர்களைத் தேடித் தேடிச் சுட்டார்கள் என்றும், கடவுளை நம்புகிறாயா என்ற கேள்விக்கு ஆம் என்று பதில் சொன்னதற்காகவே ஒரு மாணவி கொல்லப்பட்டார் என்றும் எழுதியிருந்தேன். முதல் சில நாட்களில் தொலைக்காட்சி சொல்லி, இருபத்தைந்து ஆண்டுகளாக உலகமே திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும் கதைகள் இவை. வரைவைப் படித்த இதழியல் மாணவர் ஒருவர், பக்க ஓரங்களில் பென்சிலால் “யார் பார்த்தது?” என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினார், பதினொரு இடங்களில் அந்தக் கேள்வி இருந்தது. ஒவ்வொன்றாகத் தேடிப் போனபோது எல்லாம் சரிந்து விழுந்தன. இருவரும் அந்தக் கும்பலின் உறுப்பினர்கள் அல்லர். கடவுளைப் பற்றிய கேள்வியை எதிர்கொண்டது, சுடப்பட்டும் உயிர் பிழைத்த வேறொரு மாணவி என்பதே விசாரணையில் தெரியவந்தது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, அவர்களுடைய திட்டமே துப்பாக்கிச்சூடு அன்று. மதிய உணவு நேரத்தில் ஏறத்தாழ 500 பேர் இருந்த உணவுக்கூடத்தில் அவர்கள் வைத்த புரொப்பேன் குண்டுகள் வெடித்திருந்தால், விளையாட்டு வீரர், பாட்டுக் குழுவினர், தங்களுக்குப் பழக்கமானவர், பழக்கமில்லாதவர் என்ற வேறுபாடின்றி எல்லோரும் இறந்திருக்கக்கூடும். பகையாளிகளைப் பொறுக்கியெடுத்துப் பழிவாங்கினார்கள் என்ற கதை அந்தக் குண்டுகளின் முன் நிற்காது. தம்பி, உங்கள் பென்சிலுக்கு நன்றி.

மதுரையிலிருந்து மெய்ப்புப் பார்த்துக் கொடுத்த அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் கட்டுரையின் கண்ணைத் திறந்துவைத்தவர் அவர். “இருவரும் இந்தக் கொடூரத்தை அரங்கேற்றினர்” என்று நம் செய்தித்தாள் வழக்கப்படியே நான் ஒரு வரி எழுதியிருந்தேன். அவர் அதை அடித்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்து, “அரங்கேற்றம் என்பது ஒரு பெண் சலங்கை கட்டி மேடை ஏறுகிற நாளுக்கும், புலவர் தம் நூலைச் சபையில் படிக்கிற நாளுக்கும் உரிய சொல். இவன்களுக்கு எதற்கு அந்தச் சொல்?” என்று கேட்டார். சொல்லைப் பற்றித்தான் அவர் கேட்டார். ஆனால் நான் மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருந்த செய்தி அதற்குள்ளேயே இருந்தது. அந்த இருவருக்கும் வேண்டியிருந்தது ஒரு மேடைதான். பார்ப்பதற்குக் கூட்டம் வரும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள், கூட்டமும் வந்தது. அன்று பள்ளிக்கு மேலே சுற்றிய ஹெலிகாப்டர்கள் அனுப்பிய நேரலையைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள், இணையத்தில் அவர்களுடைய படங்களைச் சேகரித்து ரசிகர் மன்றம்போல நடத்துபவர்கள், சாலையோரம் வண்டியை நிறுத்திய நான் என்று அந்தக் கூட்டம் இன்னும் கலையவில்லை. கட்டுரையில் அவர்களுடைய பெயர் ஓரிடத்திலும் வராதது அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகு எடுத்த முடிவு. 2012-இல் டென்வருக்கு அருகே அரோரா திரையரங்கில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் மகனைப் பறிகொடுத்த டாம் டீவ்ஸ், கேரன் டீவ்ஸ் தம்பதியர், கொலையாளிகளுக்குப் புகழ் தேடித் தராதீர்கள் என்று ஊடகங்களைக் கேட்டு ஓர் இயக்கமே நடத்திவருவதை நான் அறிந்ததும் அதற்குப் பிறகுதான்.

அந்தக் கூட்டம் எவ்வளவு ஆபத்தானதாக மாறக்கூடும் என்பதற்கு 2019 ஏப்ரலை நினைத்தாலே போதும். இருபதாம் ஆண்டு நினைவு நாளுக்குச் சில நாட்கள் முன்பு, கொலம்பைன் நடந்தபோது பிறந்தே இராத ஒரு பதினெட்டு வயதுப் பெண், அந்த நிகழ்வின்மேல் கொண்ட ஈர்ப்பினால் ஃபுளோரிடாவிலிருந்து விமானம் ஏறி வந்து, இங்கே ஒரு துப்பாக்கியை வாங்கினாள். டென்வர் சுற்றுவட்டாரத்தில் ஏறத்தாழ 5 லட்சம் மாணவர்களுக்கு, அவளைத் தேடிய நாளில் பள்ளி விடுமுறை விடப்பட்டது. அவள் தன் உயிரை மாய்த்துக்கொண்ட நிலையில் கண்டெடுக்கப்பட்டாள். அதற்கு இரண்டு மாதம் கழித்து, இப்படி ஈர்க்கப்பட்டு வருபவர்களின் தொல்லை பெருகிவிட்டதால் பள்ளிக் கட்டடத்தையே இடித்துவிட்டு வேறு கட்டலாமா என்று மாவட்டக் கல்வித் தலைவர் மக்களிடம் வெளிப்படையாகக் கேட்டார். போதிய ஆதரவு இல்லாததால் ஜூலையில் அந்த யோசனை கைவிடப்பட்டது. 2012-இல் இதேபோன்ற துப்பாக்கிச்சூடு நடந்த நியூடவுனில் சாண்டி ஹூக் பள்ளியை இடித்துவிட்டார்கள், இங்கே ஏன் மனம் வரவில்லை என்று எனக்கு விளங்காமல் இருந்தது. ஒரு மழை நாள் மாலை தம் வீட்டுச் சமையலறையில் உட்கார வைத்து எனக்கு விளக்கியவர், பக்கத்துப் பள்ளி ஒன்றில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஆசிரியை. பத்துப் பேர் உயிரிழந்த பழைய நூலகத்தை முற்றிலுமாக அகற்றி, உணவுக்கூடத்துக்கு மேலே உயர்ந்த வெளியாக விட்டிருக்கிறார்கள். பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் நிதி திரட்டிப் புதிய நூலகத்தைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். “எங்களுக்கு அதுபோதும். மற்றதெல்லாம் எங்கள் பிள்ளைகள் படித்த இடம்” என்றார் அவர்.

அதே ஆசிரியைதான் லீவுட் தொடக்கப் பள்ளியைப் பற்றியும் சொன்னார். தப்பி வந்த மாணவர்களைப் பேருந்துகளில் ஏற்றி அங்கே கொண்டுவந்து இறக்க, பெற்றோர் காத்திருந்தார்கள். பேருந்து வரவர, பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் கிளம்பிப் போக, கூடம் காலியாகிக்கொண்டே வந்தது. இன்னும் ஒரு பேருந்து வர வேண்டியிருக்கிறது என்று மிஞ்சியிருந்தவர்களிடம் சொன்னார்கள். அது வரவே இல்லை. இதைச் சொல்லிவிட்டு அவர் அடுப்பை அணைத்தார், வேறு ஏதும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

பேச மறுத்த ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அன்று அந்தப் பள்ளியில் மாணவியாக இருந்த என் அண்டை வீட்டுக்காரர், முதலில் சரி என்று சொல்லி, ஒரு வாரம் கழித்து வாசலில் நின்றபடியே, தம்மால் முடியாது என்று சொல்லிவிட்டார். எனக்கு அப்போது ஏமாற்றமாகத்தான் இருந்தது. அன்றைய நிகழ்வுகளைக் கேள்விப்படாதவர் எவரும் உலகில் இல்லை, அப்படியிருக்க இவர் சொல்வதற்கு மறைவாக என்ன இருக்கிறது என்றுகூட மனத்துக்குள் முணுமுணுத்தேன். அது தவறு என்று பிறகு புரிந்தது. அவருடைய நாள் அவருக்கு மட்டுமே உரியது. மறுத்த கையோடு, 2012-இல் கொலம்பைனில் தப்பியவர்கள் தொடங்கிய ‘ரெபெல்ஸ் ப்ராஜெக்ட்’ என்ற ஆதரவுக் குழுவைப் பற்றி ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். வேறு ஊர்களில் இதே துயரத்துக்கு ஆளாகிறவர்களுக்குத் துணையாக இருக்கிறவர்கள் அவர்கள். கட்டுரையின் கடைசிப் பகுதி முழுவதும் அந்தத் துண்டுத்தாளிலிருந்து கிளைத்தது.

ஆசிரியர் டேவ் சாண்டர்ஸைப் பற்றிய பகுதிக்கு என் அம்மாவுக்குத்தான் நன்றி. உணவுக்கூடத்திலிருந்த மாணவர்களை ஓடச் சொல்லி எச்சரித்தபின் அவர் சுடப்பட்டார். அறிவியல் வகுப்பறை ஒன்றில் அவரைக் கிடத்தி, மாணவர்கள் சட்டைகளைக் கழற்றிக் காயத்தில் அழுத்திப் பிடித்து, அவருடைய பணப்பையிலிருந்த குடும்பப் படங்களை எடுத்துக் கண்ணெதிரே காட்டிப் பேச்சுக்கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் இரத்தம் வடிந்து இறந்துகொண்டிருக்கிறார் என்று எழுதிய பலகையைச் சன்னலில் வைத்தார்கள். காவலர்கள் அவரிடம் வந்து சேர்வதற்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று, காலம் கடந்துவிட்டிருந்தது. சுற்றி வளைத்துக் காத்திருக்காமல் உடனே உள்ளே நுழைய வேண்டும் என்று அமெரிக்கக் காவல்துறைப் பயிற்சி மாறியதும், 2022-இல் டெக்சாஸ் மாநிலத்து யுவால்டியில் நடந்த பள்ளித் துப்பாக்கிச்சூட்டின்போது காவலர்கள் 77 நிமிடங்கள் தயங்கியது அவ்வளவு கண்டனத்துக்கு உள்ளானதும் இதன் தொடர்ச்சிதான். இவற்றையெல்லாம் எழுதி முடித்த பெருமிதத்தோடு அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “அந்த வாத்தியாரோட பிள்ளைகள் அப்புறம் என்ன ஆனாங்க?” என்றார். எனக்குத் தெரியவில்லை. கொலையாளிகள் அன்று காலை எந்த வகுப்பில் இருந்திருக்க வேண்டியவர்கள் என்பதுகூட எனக்குத் தெரிந்திருந்தது, இது தெரியவில்லை. தேடினேன். அவருடைய மகள் கோனி சாண்டர்ஸ் உளவியல் சிகிச்சையாளராகி, வன்முறைக் குற்றம் புரிந்தவர்களுக்கே சிகிச்சை அளித்துவருகிறார். அம்மா கேட்டிராவிட்டால் அந்தப் பக்கம் நான் திரும்பியே இருக்க மாட்டேன்.

இடையில் ஓர் இதழ், கொலையாளிகளின் படத்தை அட்டையில் போட்டால்தான் விற்கும் என்று நிபந்தனை விதித்து, நான் மறுத்ததும் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. அதைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. படமே இல்லாமல், கொலராடோவின் மாநிலப் பூவும் பள்ளியின் அதே பெயரை உடையதுமான கொலம்பைன் மலரைக் கோட்டோவியமாக வரைந்து அட்டையில் வைத்து வெளியிட்ட இப்போதைய இதழாசிரியருக்கும், நான்கு முறை திருத்தி வரைந்த ஓவியருக்கும் நன்றி. (ஐந்தாவது முறையும் கேட்டிருப்பேன், அவர் தொலைபேசியை எடுக்கவில்லை.)

துப்பாக்கியோடு யாராவது நுழைந்தால் ஒளிந்துகொள்வதற்காகப் பள்ளியில் நடத்தும் லாக்டவுன் பயிற்சியை முடித்து வந்த மாலைகளில், விளக்கை அணைத்து மேசைக்கடியில் எப்படி அசையாமல் இருந்தோம் என்று, ஏதோ விளையாட்டைச் சொல்வதுபோல எனக்குச் சொல்லிக் காட்டிய என் மகனுக்கும் நன்றி. கட்டுரையை அவன் இன்னும் படிக்கவில்லை. படிக்கக் கொடுக்கவும் இல்லை.

இறுதியாக ஒரு திருத்தம். 2007-இல் திறக்கப்பட்ட நினைவிடத்தைப் பற்றிய பகுதியில், கொல்லப்பட்டவர்கள் 13 பேர் என்று அச்சாகியிருக்கிறது. சுடப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்து, கால் நூற்றாண்டு சக்கர நாற்காலியில் வாழ்ந்து, கொலையாளி ஒருவனின் தாயை மன்னித்துப் பொதுவெளியில் கடிதம் எழுதிய ஆன் மேரி ஹாக்ஹால்டர் 2025 பிப்ரவரியில் காலமானார். அன்றைய காயங்களே அவர் இறப்புக்குக் காரணமாயின என்பதால் அதையும் கொலை என்றே மருத்துவ ஆய்வாளர் பதிவுசெய்தார். நான் எண்ணிக்கையைப் பழைய குறிப்பிலிருந்து எடுத்துவிட்டேன். பிழை முழுக்க என்னுடையது. பிரதி வைத்திருப்பவர்கள் அந்த எண்ணை 14 என்று பேனாவால் திருத்திக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். நூலகத்துக்குக் கொடுத்த இரண்டு பிரதிகளை நானே போய்த் திருத்திவிட்டு வந்தேன்.

நன்றியுடன்,
கட்டுரையை எழுதியவள்