கடல் வந்த எல்லையைத் தெருவில் வரைவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

2004இல் சுனாமி வந்த டிசம்பர் 26 நெருங்குகிறது. திருக்கடலூரிலும் நிலாவெளியிலும் கிண்ணியாவிலும் வழமைபோல விளக்கேற்றி அழுவோம். அது வேண்டும். ஆனால் இப்போது சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் 2004க்குப் பிறகு பிறந்தவர்கள். கடல் எதுவரை வந்தது என்று கேட்டால் கடற்கரைப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். தங்கள் படலையைத் தாண்டி வந்தது என்பது பலருக்குத் தெரியாது.

நியூயோர்க்கில் ஈவ் மோஷர் என்ற கலைஞர் செய்த வேலை ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 2007இல் அவர் புரூக்ளினிலும் மன்ஹட்டனின் தென்பகுதியிலும் கடல்மட்டத்திலிருந்து 10 அடி உயரம் எங்கெங்கே வருகிறது என்று பார்த்து, அந்த வழியே தெருத்தெருவாக நீலக் கோடு போட்டுக்கொண்டு நடந்தார். கிட்டத்தட்ட 70 மைல். பெரும் புயல் வந்தால் வெள்ளம் இதுவரை வரும், கடல் உயர உயர அது அடிக்கடி நடக்கும் என்பதுதான் அந்தக் கோடு சொன்ன சேதி. அவர் தள்ளிக்கொண்டு போனது விளையாட்டு மைதானத்தில் கோடு போடும் வண்டி. நான் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள். இல்ல விளையாட்டுப் போட்டிக்காக அந்த வண்டியைத் தள்ளும்போது வேலியோரம் போகிறவர்கள் நின்று ஏதாவது கேட்பார்கள். மோஷரிடமும் அப்படித்தான் கேட்டார்கள். அவரும் நின்று விளக்கிச் சொன்னார். கோடு போட்டதே அந்தப் பேச்சுக்காகத்தான் என்று நினைக்கிறேன். 2012இல் சாண்டி புயல் வந்தபோது பல இடங்களில் கடல்நீர் அந்தக் கோட்டை எட்டியது.

நமக்கு வரைபடம்கூட வேண்டாம். எந்தச் சுவரில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றது, எந்தக் கிணறு உப்பானது என்று சொல்லக்கூடிய ஆச்சிமாரும் அப்பாமாரும் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளைகள் அவர்களை அழைத்துக்கொண்டு நடந்து, அடையாளம் வைத்து, திருக்கடலூரிலிருந்து உப்புவெளி வழியாக நிலாவெளிவரை ஒரே கோடாகப் போடட்டும். 2019 இறுதியில் நாடெங்கும் மதில்களில் ஓவியம் வரைந்த இளைஞர்களும் சேர்ந்துகொள்ளலாம்.

சுனாமி நிலநடுக்கத்தால் வந்தது, காலநிலை மாற்றத்தால் அல்ல. இதைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆனால் 1901க்குப் பிறகு உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. இனி வரும் புயல் அந்த உயர்ந்த கடலைத்தான் தள்ளிக்கொண்டு வரும். எது வந்தாலும் நமக்கு முன்னால் நிற்பவை மணல்மேடு, தாழை, அடம்பன்கொடி, களப்போரத்துக் கண்டல். அவற்றைத்தான் நாம், கடல் தெரியவேண்டும் என்று மேட்டைத் தட்டையாக்கி, கொடியைக் குப்பையோடு கூட்டி எரித்து அழிக்கிறோம். எத்தனை அறிவித்தல் பலகை வைத்தும் இது நிற்கவில்லை. தன் வாசலைத் தாண்டி உள்ளே போகும் கோட்டைப் பார்த்த வீட்டுக்காரர் அந்தக் கொடியில் மண்வெட்டி வைக்க யோசிப்பார்.

டிசம்பரில் வேண்டாம், மாரி மழை ஒரே இரவில் கழுவிவிடும். தைப்பொங்கலுக்குப் பிறகு பாடசாலைகளில் விளையாட்டுப் போட்டிக் காலம். வண்டியும் சுண்ணாம்புத் தூளும் அப்போது கையில் இருக்கும். நீலம் கலந்தால் போதும். அழிந்தால் அடுத்த வருடம் அடுத்த வகுப்புப் பிள்ளைகள் போடுவார்கள். அதிபர்கள் சம்மதித்தால் கோடு போடப் பழக்க நான் வருகிறேன். பிரதான வீதியைக் கடக்கும் இடங்களில் மட்டும் பொலிஸாரின் உதவி வேண்டும்; அதை உள்ளூராட்சி மன்றம் இப்போதே கேட்டு வைக்கட்டும்.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.