வழவழப்பான குழலில் வரி தேடும் ஐயாமார்களுக்கு

தடய அறிவியல் ஆய்வகத் துப்பாக்கிப் பிரிவு அலுவலர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் அறிக்கையின் நகல் கைக்கு வந்தது. மானின் உடலில் எடுத்த ஈயக் குண்டுகளை, அனுப்பிய நான்கு துப்பாக்கிகளோடு ஒப்பிட்டுக் கருத்துக் கூற இயலாது என்று ஒரே வரி. வரி சரியானதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. அதைச் சொல்ல 26 மாதம் எதற்கு என்பதுதான் என் கேள்வி.

வழக்கு உங்களுக்குத் தெரியும். காட்டோரம் புள்ளிமான் செத்துக் கிடந்தது. ஊரில் லைசென்ஸ் வைத்திருந்த, என்னையும் சேர்த்து நான்கு பேர் துப்பாக்கியையும் துணியில் சுற்றி, அரக்கு வைத்து அனுப்பினார்கள். நான்கும் ஒரே ரகம்: முன்வாயில் மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. உங்கள் காகிதத்தில் எஸ்.பி.எம்.எல்.

நான் ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவனாக, இருந்தவன். பழைய 303 ரைபிளின் குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தால் ஐந்து புரிகள், அதாவது சுருள் பள்ளங்கள், இடப்பக்கமாகச் சுற்றிப் போவது தெரியும். அதில் உரசி வரும் குண்டின் மேல் வரி விழும். குழலைக் குடைந்த கருவியின் தழும்பு, தேய்மானம், துரு எல்லாம் சேர்ந்து குழலுக்குக் குழல் வரி மாறும். தோட்டாவில் ஊசி குத்திய பள்ளமும் கிடைக்கும். இரண்டு குண்டுகளை ஒப்பீட்டு நுண்ணோக்கியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரியோடு வரி பொருத்துவது உங்கள் தொழில். உங்களுக்கு நான் பாடம் எடுக்க வரவில்லை.

எங்கள் துப்பாக்கியில் புரி ஏது ஐயா? உள்ளே தண்ணீர் பைப்பு மாதிரி வழவழவென்று இருக்கும். கரிமருந்து, மேலே தேங்காய் நார், அப்புறம் கொஞ்சம் ஈயக் குண்டு. மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியான கேப்பு, வெடித்ததும் சிதறிப் புல்லோடு போய்விடும். தோட்டாவே கிடையாது, பிறகு ஊசிக் குத்து எங்கிருந்து வரும்? பொடிக் குண்டுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வெளியேறும். எந்தக் குழலில் வந்தோம் என்று அவற்றுக்கே தெரியாது. குண்டின் அளவு சொல்லலாம், துப்பாக்கி வேலை செய்கிறதா என்று சொல்லலாம். அதற்கு ஒரு வாரம் போதும்.

இதில் வேடிக்கை, பயிர்ப் பாதுகாப்புக்கு முன்வாய்த் துப்பாக்கி என்று பேர் சொல்லியே எழுதி வைத்திருக்கிறது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். அரசாங்கமே வரி விழாத துப்பாக்கியாகப் பார்த்துக் கொடுக்கும். பிறகு அரசாங்கமே வரி தேடும்.

பார்த்தவுடன் சொல்லக்கூடியதைப் பார்த்தவுடன் சொல்லிவிடுங்கள். நான் கேட்பது இது ஒன்றுதான்.

காட்டுப்பன்றியைச் சுட எனக்கு உரிமை இல்லை, தெரியும். வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அந்தச் சத்தத்துக்குத்தான் துப்பாக்கி. அது போன பிறகு தகர டின்தான். போன மார்கழியில் ஒரு ராத்திரி, மணி இரண்டு இருக்கும். நானும் வீட்டுக்காரியும் பரணில். டின்னைத் தட்டத் தட்ட, பெரிய பன்றி ஒன்று தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. பார்த்துவிட்டு மறுபடி மரவள்ளியைத் தோண்டத் தொடங்கியது. சத்தம் அதற்குப் பழகிவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அப்புறம் அழுகை. விடிந்ததும் எண்ணினோம், 64 செடி வேரோடு போயிருந்தது. பாதி தின்ற கிழங்கெல்லாம் பல் தழும்பு. அது யார் போட்ட தழும்பு என்று சொல்ல எனக்கு 26 மாதம் ஆகவில்லை.

துப்பாக்கியைத் திருப்பிக் கேட்டு மனு போட்டால், ஆய்வக அறிக்கை வரட்டும் என்றார்கள். ஆய்வகத்தில் கேட்டால், வரிசையில் இருக்கிறது என்றார்கள். லைசென்ஸ் புதுப்பிக்கப் போனால், வழக்கு நிலுவையில் இருக்கிறதே என்றார்கள். பன்றி மட்டும்தான் வாய்தா கேட்கவில்லை.

உங்கள் பக்கமும் பாரம் உண்டு. ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றமென்றால் தடயவியல் ஆள் நேரில் போக வேண்டும் என்று 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் போட்டவர்கள் ஆளையும் போட்டார்களா என்று நான் கேட்டால் நீங்களே சிரிப்பீர்கள். அதனால்தான் சொல்கிறேன்: பொட்டலத்தைப் பிரித்த அன்றே, ஒப்பிட முடிந்தது ஒரு பக்கம், முடியாதது ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டால் உங்கள் வரிசையும் குறையும். நிஜமாகவே வரி விழுந்த குண்டு, நிஜமான கொலை வழக்கு ஒன்று, எங்கள் நான்கு குழலுக்குப் பின்னால் காத்துக் கிடந்திருக்குமே!

கோபத்தில் நீண்டுவிட்டது, மன்னிக்கவும். பார்த்தவுடன் சொல்லக்கூடியதைப் பார்த்தவுடன் எழுதி அனுப்ப ஆவன செய்யுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு சின்ன வேண்டுகோள். துப்பாக்கிகள் இன்னும் உங்களிடம்தான் இருக்கின்றன. சோதனைக்குச் சுட்டிருந்தால், குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் போடச் சொல்லுங்கள். கரிமருந்துக் கசடு ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்றுவிடும். என்னுடையது அப்பா காலத்துக் குழல்.

இப்படிக்கு,
எஸ்.பி.எம்.எல். ஒன்றின் உரிமையாளர்